தோம்பு: காணாமல் எழுதிய நிலக்கணக்கு

போர்க்கால ஓவிய நூல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சித்தப்பிரசாத்தின் ‘ஹங்கிரி பெங்கால்’. இரண்டாம் உலகப் போரினூடே மூண்ட 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை மிதுனாப்பூர் மாவட்டத்தில் நேரில் கண்டு வரைந்தவை அதன் சித்திரங்கள். ஆங்கில அரசு அந்நூலின் பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. கண்டதை வரைந்த நூல் அது. காண இயலாததை வரைந்த நூல் ஒன்று தமிழருக்கு உண்டு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயிற்றுவிக்கும் ஓவியர் தா. சனாதனன் உருவாக்கிய ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியீடாக வந்தது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைகின்றனர். அதனைக் கட்டடக் கலைஞர் அளவுப்படமாக்குகிறார். அதனருகே சனாதனனின் சித்திரம். இவ்வாறு எண்பது வீடுகள். நூலின் தோற்றமோ அரசு அலுவலகக் கோப்பினுடையது.

மொழியியல் மாணவனாகிய என்னை ஈர்த்தது தலைப்புச் சொல். ‘தோம்பு’ போர்த்துக்கீசியச் சொல்; லிஸ்பன் ஆவணக்காப்பகத்தின் பெயர் இன்றும் ‘தோரே தோ தோம்போ’. போர்த்துக்கீசியரும் பின்னர் ஒல்லாந்தரும் நிலத்தையும் உடைமையாளரையும் இறையையும் பதிந்த ஏடே தோம்பு. விறாந்தை, யன்னல், கதிரை, சாவி என யாழ்ப்பாணத்து வீட்டுக்குள் புகுந்த சொற்களும் அவ்வழி வந்தவையே. ஆண்டவன் மொழியிலிருந்து வீட்டுப்பொருளின் பெயரும் வந்தது, வரிக்கணக்கின் பெயரும் வந்தது.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது திருவிதாங்கூரின் ‘கண்டெழுத்து’ குறுக்கிடுகிறது. மார்த்தாண்ட வர்மர் காலத்து நில அளவைப் பதிவுக்கு அதுவே பெயர்: அதிகாரி நிலத்தைக் கண்டான், எழுதினான். சனாதனனின் தோம்பிலோ அதிகாரி இல்லை. எழுதுவோர் உடைமையாளர், அவர்கள் நிலத்தைக் காணாமலே எழுதுகின்றனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வீட்டை எவரால் சென்று அளக்க முடியும்?

விமர்சகர்கள் சித்திரங்களையே பெரிதும் பேசக்கூடும். எனக்கு அளவுப்படங்களே முதன்மையாகப் படுகின்றன. தடுமாறும் கைக்கோடு அங்கே நேர்கோடாகிறது. நினைவு சான்றாவணத்தின் மொழிக்குப் பெயர்க்கப்படுகிறது. பெயர்ப்பில் இழப்பும் உண்டு, அதை மறைக்காமல் இரண்டையும் அருகருகே வைத்ததுதான் நூலின் நேர்மை.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் முஸ்லிம்கள்; 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள் தமிழர்கள். இருசாராரின் இடப்பெயர்வையும் நம் வரலாற்று எழுத்து பெரும்பாலும் தனித்தனியே பேசுகிறது. இக்கோப்பில் இருவர் வீடுகளும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன.