எண்சுவடியும் நயா பைசாவும்: திருவண்ணாமலைக் கடைத்தெருவிலிருந்து இந்தியத் தசம நாணயங்களை நோக்குதல் (1957–2011)

1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாய் நூறு நயா பைசா ஆனது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி. குழப்பமான பழைய கணக்கை அறிவியல் முறை வென்றது என்றே இம்மாற்றத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரின் சில்லறை வணிகத்தை வைத்துப் பார்த்தால் அந்த வெற்றி அரைகுறையானது. பைசா வரிசையில் கடைசிவரை தாக்குப்பிடித்தவை, பழைய கணக்கோடு ஒத்துப்போன 25, 50 ஆகிய இரண்டுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடியில் கீழ்வாய்க் கணக்கு, அதாவது பின்னக் கணக்கு, பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், மாகாணி. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. அணா வடக்கிலிருந்து வந்ததுதான். ஆனாலும் ஓரணா மாகாணி ரூபாயாகவும், இரண்டணா அரைக்கால் ரூபாயாகவும் இந்த வாய்பாட்டில் பிசிறில்லாமல் பொருந்தின. தசம முறையில் அரைக்கால் ரூபாய் பன்னிரண்டரைக் காசு. அதற்கு நாணயம் கிடையாது.

அரசு மாற்று அட்டவணை ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 நயா பைசா என்று வகுத்தது. காலணாவுக்கு 2. கோயில் வாசலில் காலணாப் பொருள் நான்கைத் தனித்தனியே வாங்கினால் 8 நயா பைசா. ஓரணாவாகச் சேர்த்து வாங்கினால் 6. ஏழைக்குத்தான் நட்டம்: அவர்தான் ஒவ்வொன்றாக வாங்குபவர்.

நாணயங்களின் வடிவமைப்பு மட்டும் சில்லறை வணிகத்தின் தேவையை ஓரளவு உணர்ந்தே அமைந்தது. ஒரு நயா பைசா சிறு வெண்கல வட்டம், ஒன்றரை கிராம் எடை. இரண்டும் பத்தும் விளிம்பு நெளிந்தவை. ஐந்து, முனை மழுங்கிய சதுரம். இருபத்தைந்தும் பின்னர் வந்த ஐம்பதும் நிக்கல் வட்டங்கள். இருட்டிலும் விரல் பிரித்தறியும். எழுத்தோ இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே. ஒரு பக்கம் அசோகச் சிங்கங்கள், மறுபக்கம் எண்ணும் ஆண்டும், ரூபாயில் எத்தனையாவது பங்கு என்ற இந்தி வாசகமும். தமிழுக்கு இடமில்லை. ஆனால் 1807–08இல் கும்பினியாரின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) சென்னை நாணயசாலை அடித்த அரை வராகன் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும் இருந்தன. 1872இலேயே ரூபாயை நூறு சதமாக்கிய இலங்கையின் செப்புக் காசுகளிலும் தமிழ் உண்டு. ஆக, யாழ்ப்பாணத் தமிழர் தசமக் காசை இந்தியாவுக்கு முன்பே கையாண்டனர். அதுவும் தம் எழுத்திலேயே.

‘நயா’ என்ற அடைமொழி 1964 ஜூன் 1 முதல் நீங்கியது. பிறகு நடந்தது உலோகத்தின் கதை. விலைவாசி ஏற ஏற, காசில் உள்ள உலோகத்தின் விலை அதன் முகமதிப்பைத் தொட்டுவிடும் என்ற அச்சம். வெண்கலம் 1962இல் நிக்கல் பித்தளையானது. 1965இல் ஒரு பைசா முக்கால் கிராம் எடையுள்ள அலுமினியச் சதுரமாகச் சுருங்கியது. 1964இல் அறுகோண மூன்று பைசா வந்தது. தசம வரிசையில் மூன்றுக்கு என்ன வேலை? அது ஏறக்குறைய அரையணா. பழைய கணக்கு பின்வாசல் வழியே நுழைந்ததாகவே நான் இதை வாசிக்கிறேன்.

தசம முறைக்கு உண்மையாக இருந்தது இருபது பைசா. 1968இல் தாமரை பொறித்து மஞ்சள் நிறத்தில் வந்தது; மறு ஆண்டே காந்தி நூற்றாண்டு முத்திரையும் பெற்றது. ஆனால் நாலணாவை அதனால் அசைக்க முடியவில்லை. 1982இல் மீண்டும் அலுமினிய அறுகோணமாக வந்தும் பயனில்லை. தாமரைக் காசுக்கு வேறொரு வாழ்வு கிடைத்தது: லட்சுமி பூஜைக்கென்று அதைத் தேடி, முகமதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். பொருளியலாளர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோயில் நகரத்தின் நாணய வரலாற்றை எழுதுபவர் சேர்க்காமல் இருக்க முடியாது.

இருபத்தைந்து பைசாவோ ‘நாலணா’ என்ற பெயரிலேயே அரை நூற்றாண்டு ஓடியது. 1988இல் காண்டாமிருகத்தைச் சுமந்து துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாதவையாயின. எட்டணா எனப்படும் 50 பைசா மட்டும் சட்டப்படி இன்றும் செல்லும். கிரிவலப் பாதையின் எந்தத் தேநீர்க் கடையிலும் அதைக் கொடுத்துப் பாருங்கள், கடைக்காரர் சட்டத்தைக் கேட்க மாட்டார்.