பூ இறங்கிய வழியும் ஏறாத வழியும்

பறித்த பூவின் ஆயுள் மிகக் குறுகியது என்பதால், ஒரு மலையூரிலிருந்து உற்றாருக்குப் புதுப்பூ அனுப்பும் வழக்கம் எப்போது தோன்றியது என்று ஆராய்பவர், அவ்வூருக்குப் பாதை எப்போது வந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பில் இருக்கும் பட்டிப்பொலவுக்கு அந்த வழியைத் திறந்தது இரும்புப் பாதை. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்து, 1893இல் அம்பேவெல, பட்டிப்பொல, ஒஹிய ஆகிய ஊர்களைக் கடந்து ஹப்புத்தளை வரை நீண்டது. கடல் மட்டத்திலிருந்து 1,890 மீட்டருக்கும் மேலான உயரத்தில் நிற்கும் பட்டிப்பொல நிலையமே நாட்டின் மிக உயர்ந்த புகையிரத நிலையம். அதைத் தாண்டியதும் வரும் சுரங்கத்தில் பாதை தன் உச்சத்தைத் தொட்டு, மத்திய மாகாணத்தை விட்டு ஊவாவுக்குள் இறங்குகிறது. மாட்டு வண்டிகள் றம்பொடைக் கணவாயில் மூச்சு வாங்கி ஏறிய காலத்தில் மலையில் பறித்த பூவைக் கொழும்பில் வாடாமல் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை. மாலையில் ஏற்றிய கூடை மறுநாள் காலை கொழும்புக் கோட்டையில் இறங்கும் நிலையை இரவுத் தபால் புகையிரதம் உண்டாக்கிய பின்னரே மலைப்பூ தொலைவிலுள்ள ஒருவருக்குக் கொடுக்கத்தக்க பொருளாயிற்று.

அவ்வாறு இறங்கிய பூக்களில் பெரும்பாலானவை இம்மலைக்கு வந்தேறியவை. 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியிருப்பு ஒன்றை நிறுவ முயன்ற சாமுவேல் பேக்கர் மாடுகளையும் கலப்பைகளையும் விதைகளையும் கப்பலில் கொண்டுவந்தார். 1861இல் சிங்கோனா மரத்தை, அதாவது மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தன் பட்டையில் கொண்ட தென்னமெரிக்க மரத்தை, வளர்ப்பதற்காக அரசு ஹக்கலவில் ஒரு தோட்டத்தைத் திறந்தது. உலகச் சந்தையில் பட்டையின் விலை சரிந்து சிங்கோனாவின் காலம் முடிந்தபோது, 1882இல் அங்கே பொறுப்பேற்ற வில்லியம் நொக்கின் மேற்பார்வையில் ஹக்கல குளிர்நாட்டு மலர்களின் தோட்டமாக மாறியது. ஜப்பானின் ஹைட்ரேஞ்சியா, மெக்சிகோவின் டாலியாவும் செண்டுமல்லியும், தென்னாபிரிக்காவின் ஆரம் லில்லி, சீனத்திலிருந்து உலகெங்கும் பரவிய செவ்வந்தி என்று பல கண்டங்களின் பூக்கள் மலைநாட்டில் வேர்கொண்டன. இவற்றுள் ஹைட்ரேஞ்சியா தனிக் கவனத்துக்கு உரியது, ஏனெனில் அதன் நிறத்தை மண் தீர்மானிக்கிறது: புளிப்புத் தன்மை மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது, அத்தன்மை குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகிறது. தேயிலை விரும்புவதும் அதே புளிப்பு மண்ணைத்தான். ஆகவே தேயிலை செழித்த இடங்களின் பங்களா வாசல்களில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூத்தது. இரவின் குளிர் பூவின் சுவாசத்தை மந்தமாக்கி அதன் உள்ளிருப்புச் சர்க்கரை விரைவில் தீராமல் காப்பதனால், மலையில் விளைந்து குளிர் நீங்குமுன் பறிக்கப்பட்ட பூ, வெப்பமான கடற்கரை நகரத்தில் விளைந்த பூவைவிட நெடுநேரம் நின்றது.

அனுப்பியவர்கள் யார் என்ற கேள்வி இந்த வரலாற்றின் நடுவில் இருக்கிறது. தோட்டத்துரை என்று அழைக்கப்பட்ட ஆங்கிலேய நிர்வாகியின் பங்களாவைச் சுற்றிப் புல்தரையும் பூப்பாத்தியும் காய்கறிப் பாத்தியும் இருந்தன. அவற்றைப் பராமரித்த தமிழ்த் தொழிலாளியின் ஒருநாள் உழைப்பு, மலையகத்தில் முழுநாள் கூலியைக் குறிக்கும் 'பேர்' என்ற கணக்கில், கொழுந்து பறித்தவரின் உழைப்பைப் போலவே செக்ரோல் எனப்படும் வரவேட்டில் பதியப்பட்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரர் ஒருவர் இருந்தார். நாள்தோறும் அருகிலுள்ள தபாலகத்துக்கோ புகையிரத நிலையத்துக்கோ நடந்து சென்று, கடிதங்களையும் பங்களாவுக்கு வேண்டிய பொருள்களையும் சுமந்து மலையேறுவது அவரது வேலை. பங்களாவிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டிய கூடையும் அவரைப் போன்ற ஒருவரின் தலையில்தான் நிலையத்துக்கு இறங்கியது. துரைமாருக்குக் கொழும்பில் நண்பர்களும், தேவாலயமும், கிளப்பும், கப்பலேறக் காத்திருக்கும் உறவினரும் இருந்தனர். ஆகவே அவர்களின் பூவுக்குப் போய்ச்சேர ஓரிடம் இருந்தது. ஏப்ரலில், மழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில், கொழும்பின் வெப்பத்துக்குத் தப்பி வசதியுள்ளோர் நுவரெலியாவுக்கு ஏறும் 'பருவகாலம்' உருவானபோது பூவைத் தேடி ஆட்களே மேலே வந்தனர். 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி அமைந்த விக்டோரியா பூங்கா அப்பருவத்தின் காட்சித் திடலாக இன்றும் இருக்கிறது. ஹக்கலவின் கதையில் நொக்கின் பெயர் நிற்கிறது. பாத்தி வெட்டியவர், உறைபனிக்கு முன்னிரவில் செடிகளுக்கு மூடாக்குப் போட்டவர் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. அத்தோட்டத்தை அவர்களின் கைத்திறனின் விளைவாகவும் பார்ப்பதே நேர்மையான வரலாறு.

பூவைத் தொலைவுக்கு வாடாமல் சேர்ப்பது என்ற இதே சிக்கலை அக்காலத்து ஐரோப்பாவும் அமெரிக்காவும் வேறொரு வழியில் தீர்த்தன. 1908இல் பெர்லினில் மாக்ஸ் ஹியூப்னர் தொடங்கிய ஏற்பாடும், 1910இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் தந்தியைக் கொண்டு அமைத்த கூட்டமைப்பும், பூவைப் பயணம் போகவிடாமல் செய்தியை மட்டும் அனுப்பி, பெறுபவரின் ஊரிலுள்ள கடைக்காரரே அங்கே கிடைக்கும் பூவைக் கட்டிக் கொடுக்கும் முறையை நிலைநிறுத்தின. அம்முறைக்கு இரு முனையிலும் கடை தேவை, கணக்குத் தீர்க்கும் நம்பிக்கை தேவை. இரண்டும் இல்லாத ஒரு சிறிய மலை நிலையத்தில் பூவே நேரில் போக வேண்டியிருந்தது.

லயங்களில், அதாவது ஒற்றைக் கூரையின் கீழ் வரிசையாக அமைந்த தொழிலாளர் அறைகளில், பூவின் நிலைமை முற்றிலும் வேறு. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்களின் வழிபாடும் தலைப்பூவும் மல்லிகையையும் முல்லையையும் சுற்றி அமைந்தவை. பட்டிப்பொலவின் குளிரில் மல்லிகை செழிப்பதில்லை, மாரியம்மனுக்குரிய வேப்பிலைகூட வறண்ட தாழ்நிலத்திலிருந்து ஏறிவர வேண்டிய பொருள். மாசி மாதத்தில் தோட்டங்கள்தோறும் ஆடப்படும் காமன்கூத்து, சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததையும் ரதி புலம்பியதையும் பல நாட்கள் நடத்திக் காட்டும் சடங்கு நாடகம். அம்மன்மதனின் அம்புகளாகச் சொல்லப்படும் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் ஆகிய ஐந்தும் தாழ்ந்த, வெப்பமான நிலத்துக்கு உரிய பூக்கள். அதே தை, மாசி மாதங்களில்தான் அம்பேவெல, பட்டிப்பொலப் பகுதிகளின் புல்வெளிகளில் உறைபனி விழுந்து டாலியாச் செடிகள் கருகும். எனினும் வழிபாடு நின்றுவிடவில்லை. கரகம் பாலிக்கும்போது, அதாவது அம்மனை ஆவாகித்த குடத்தைப் பூவால் சோடித்துத் தலையில் எடுக்கும்போது, கைக்குக் கிடைத்த செண்டுமல்லியும் செவ்வந்தியும் டாலியாவும் அதில் ஏறின. ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் தெய்வத்தைப் புதிய மலையின் பூக்களுக்குப் பழக்கினார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும். இறப்பு வீட்டிலும் அதே பூக்கள்தான்: தப்பு முழங்கப் பாடை புறப்படும்போது வேலியோரத்திலும் லயத்து முற்றத்திலும் பூத்தவை மாலையாயின.

தமிழ் இலக்கிய மரபு மலையைக் குறிஞ்சி என்ற பூவின் பெயராலேயே அழைத்தது. காதலன் பூவையோ தழையையோ தோழி வழியாகக் காதலிக்கு அளிப்பதைக் 'கையுறை' என்ற துறையாகவும் வகுத்தது. குறுந்தொகையின் முதற்பாட்டு, தலைவன் கொண்டுவந்த காந்தட்பூவைத் தோழி ஏற்க மறுப்பதாக அமைந்தது. எங்கள் மலையிலேயே காந்தள் நிறைந்திருக்கிறது என்பது அவள் காட்டும் காரணம். பூ நிறைந்த இடத்தில் பூ பரிசாகாது என்ற இந்த நுட்பம் மலையகத்தின் பூவரலாற்றுக்கும் பொருந்துகிறது: பக்கத்துத் தோட்டத்து உறவினருக்கு டாலியா அனுப்ப ஒருவருக்கும் தோன்றியிராது, அங்கேயும் அதுவே பூத்திருந்தது, அவர்கள் ஏங்கிய பூவோ கடலுக்கு அப்பால் இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் கூடி இரு நாடுகளையும் புகையிரதத்தாலும் கப்பலாலும் இணைத்த பின்னரும், அவ்வழியே ஓலையும் பணமும் ஆளும் போய்வர முடிந்ததேயன்றி, அந்நெடும் பயணத்தில் மல்லிகைச் சரம் மலர்ச்சியோடு வந்துசேர வாய்ப்பில்லை.

பிரிவு பின்னர் சட்டமாகவே வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் ஒரு கணக்கிலும் தங்கை இன்னொரு கணக்கிலும் விழுந்த குடும்பங்கள் பல. அவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'; கோச்சி என்பது இலங்கைத் தமிழில் புகையிரதம், ஒப்பாரி என்பது இறந்தவரைச் சொல்லி அழும் பாட்டு. ஒரு காலத்தில் பங்களாவின் பூக்கூடையைக் கொழும்புக்கு இறக்கிய அதே இரும்புப் பாதை, அப்பூவை வளர்த்தவர்களின் பிள்ளைகளை நாட்டை விட்டே இறக்கியது. 1984இல் இராமேசுவரக் கப்பலும் நின்றது.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரில் கணிசமானோர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலை அளிப்பதற்காகவே தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது, அவையே பின்னாளில் 'டான்டீ' என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆயின. ஹக்கலவுக்குச் சிங்கோனா வருவதற்குச் சற்று முன் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து அதை உதகைக்குக் கொண்டுவந்திருந்தார். உதகைத் தாவரத் தோட்டமோ அதற்கும் முந்தியது, 1848இல் தொடங்கியது. ஒரே பேரரசின் ஒரே திட்டம் இரு மலைகளிலும் ஒரே மரத்தையும் ஒரே பூக்களையும் ஊன்றியிருந்ததால், கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்களின் முற்றத்திலும் புளிப்பு மண்ணின் நீல ஹைட்ரேஞ்சியாவே பூத்தது. பூவின் அளவில் அவர்கள் ஊர் மாறவில்லை; உறவின் அளவில் கடல் குறுக்கே இருந்தது.

இலங்கைப் பக்கத்தில், 1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கியதோடு பங்களாத் தோட்டத்தின் பழைய காலம் முடிந்தது. அதன்பின் மலையில் பூ ஒரு விற்பனைப் பயிராக வளர்ந்தது: நுவரெலியாவைச் சுற்றிய காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே பொலித்தீன் கூடாரங்களில் ரோஜாவும் கார்னேஷனும் ஜெர்பராவும் செவ்வந்தியும் பயிராகின்றன. வெயில் ஏறுமுன் மொட்டுப் பருவத்திலேயே வெட்டி, காம்பை நீரில் நிறுத்தி, கட்டுகளாக்கி, இரவு லொறியில் அனுப்பப்படும் அவற்றைக் கொழும்பின் பூக்கடைகளும் கல்யாண மண்டபங்களும், இறந்தவரின் உடலை அஞ்சலிக்கு வைக்கும் மலர்ச்சாலை எனப்படும் நிறுவனங்களும் வாங்குகின்றன. மொட்டு எந்த அளவுக்கு விரிந்ததும் வெட்ட வேண்டும் என்ற அறிவு இவ்வணிகத்தின் மூலதனம். முந்தி வெட்டினால் பூ குவளையில் விரியாது, பிந்தி வெட்டினால் இறக்கத்திலேயே உதிரும். அவ்வறிவு இன்று பெரும்பாலும் தோட்டப்புறத்துப் பெண்களின் கையில் இருக்கிறது. பூவின் விலையில் அவர்களுக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்பதை எழுதாமல் மலைநாட்டுப் பூவின் வரலாற்றை இனி எழுத முடியாது.