ஐம்பது ரூபாயில் தொடங்கிய ஜீவனாம்சம்

கைவிடப்பட்ட மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மாதந்தோறும் பணம் தரும்படி கணவனுக்கு ஆணையிடும் அதிகாரத்தை, திருட்டையும் அடிதடியையும் விசாரிக்கும் நடுவரிடம் இந்தியாவில் முதன்முதலாகப் பொதுச் சட்டமாக ஒப்படைத்தது 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 316ஆம் பிரிவாகும். இந்து சட்டமும் இஸ்லாமியச் சட்டமும் மனைவியைப் பராமரிக்கும் கடமையைக் கணவன்மீது ஏற்கெனவே சுமத்தியிருந்தபோதும், அதைக் கேட்டுப் பெற உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, செலவையும் காலத்தையும் தாங்க வேண்டியிருந்தது. நடுவர் மன்றம் அதற்கு மாற்றாகச் சுருக்கமான விசாரணையையும் விரைவான உத்தரவையும் தந்தது. ஆனால் இந்த ஏற்பாடு பெண்ணின் உரிமையைக் கருதிப் பிறந்தது என்று கொள்வதற்கில்லை. அதற்குப் பதிலாக வந்த 1872ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை உருவாக்கியதில் முதன்மைப் பங்காற்றிய சட்ட உறுப்பினர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், ஆதரவற்றோர் தெருவில் அலையும் நிலையையோ அதன் விளைவுகளையோ தடுக்கும் வழி என்றுதான் இதற்கு விளக்கம் தந்தார். அரசின் கவலை பொது ஒழுங்கைப் பற்றியது. பசியால் குற்றம் பெருகாமல் இருந்தால் போதும் என்பதே அதன் அளவுகோல்.

அந்த அளவுகோலுக்கு ஏற்பவே தொகைக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. 1861இல் மாதம் 50 ரூபாயாக இருந்த வரம்பு, 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவிலும் மாறாமல் தொடர்ந்து, 1923இல் 100 ரூபாயாகவும், 1955இல் 500 ரூபாயாகவும் உயர்ந்தது. 1973ஆம் ஆண்டுப் புதிய சட்டம் தன் 125ஆம் பிரிவில், மணமுறிவு பெற்ற மனைவியையும் வயதான பெற்றோரையும் சேர்த்துப் பாதுகாப்பின் எல்லையை விரித்தபோதிலும், 500 ரூபாயை மட்டும் தொடவில்லை. இந்த 500 குடும்பம் முழுமைக்குமா, ஒவ்வொருவருக்குமா என்ற ஐயத்தை 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து, மனைவிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே அந்த வரம்பு பொருந்தும் என்றது. மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் தம் அளவில் தொகையை உயர்த்திக்கொண்டன. நாடு முழுமைக்குமான வரம்பு 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. அதாவது 1955இன் விலைவாசியை வைத்து விதித்த தொகை 46 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் அப்படியே கிடந்தது.

வரம்புக்குள்ளும் நடுவர்கள் எவ்வளவு கையிறுக்கம் காட்டினர் என்பதற்கு ஷா பானு வழக்கே சான்று. மதச் சர்ச்சையாக மட்டுமே நினைவுகூரப்படும் இவ்வழக்கில், ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 ரூபாய் சம்பாதிப்பவர் என்று மனுதாரர் ஷா பானு கூறிய, வழக்கறிஞரான அவருடைய கணவரை, 1979இல் மாதம் 25 ரூபாய் தரும்படி இந்தூர் நடுவர் உத்தரவிட்டார். 1980இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை சென்றதும், நாடாளுமன்றத்தையே உலுக்கியதும் இந்த 179 ரூபாய்க்கான உத்தரவுதான்.

உத்தரவு பெறுவது ஒரு பாடு. பணத்தை வாங்குவது வேறு பாடு. உத்தரவின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும், கணவன் எந்த ஊரில் இருந்தாலும் அவ்வூர் நடுவரே, ஆள் இன்னார் என்பதையும் பணம் வராததையும் உறுதிசெய்துகொண்டு, அதை நிறைவேற்றலாம் என்றும் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 490ஆம் பிரிவு கூறியது. கடல் கடந்து சென்றவர்களுக்காக, பிரிட்டன் 1920இல் இயற்றிய சட்டத்தைப் பின்பற்றி, 1921இல் தனிச் சட்டமே வந்தது. இவ்வளவு விரிந்த கை, உள்ளூரில் நிலுவை வசூலிக்கும் இடத்தில் சுருங்கிவிட்டது. மாதத் தொகை வராவிட்டால் அபராதம் வசூலிக்கும் முறையில் வாரண்டு பிறப்பித்து அசையும் பொருளை ஜப்தி செய்யலாம். அதன் பிறகும் பாக்கி நின்றால், பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறையிலடைக்கலாம். ஆனால் தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். ஒவ்வொரு நிலுவைக்கும் மனு, வக்கீல், வாய்தா என்று அலைய வேண்டியவர், வருமானமே இல்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அதே பெண்.

சிறை சென்று வந்தவர் கடன் தீர்ந்ததாகக் கொள்ளலாமா என்ற கேள்விக்கு 1988இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் நெருக்குதலேயன்றிக் கடனைக் கழிக்கும் வழியன்று என்றும், பணம் கட்டினால்தான் பொறுப்பு நீங்கும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆயினும், ஒரு மாதச் சிறைக்கு மேல் நீட்டிக்க இயலாது, தொடர்ந்து கட்டாதவர்மீது மீண்டும் மனுச் செய்வதே வழி என்று 1999இல் ஷஹாதா காதூன் வழக்கில் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. கடன் அழியாது, கடனாளி உள்ளே நெடுநாள் இருக்கவும் மாட்டார் என்ற நிலையில், பொறுமை உள்ளவரே வெல்வார் என்றாகிறது.

தொகையை மாற்றும் வழியும் மனுவைச் சார்ந்ததே. 1898இன் 489ஆம் பிரிவும் 1973இன் 127ஆம் பிரிவும், சூழ்நிலை மாறியிருப்பதை இரு தரப்பில் எவர் மெய்ப்பித்தாலும் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ இடமளித்தன. மணமுறிவு பெற்ற பெண் மறுமணம் செய்தால் உத்தரவு ரத்தாகும். விலைவாசியோடு தொகை தானாக உயரும் ஏற்பாடு சட்டத்தில் இல்லாததால், பத்தாண்டுக்கு முன் விதித்த தொகையை நம்பியிருக்கும் பெண் கணவனின் இன்றைய வருமானத்தைத் தேடி நிறுவ வேண்டியிருக்கிறது. சம்பளச் சீட்டோ அவன் கையில்.

இச்சுமையைக் குறைத்தவை பெரும்பாலும் நீதிமன்றங்களே. இறுதி உத்தரவு வரும்வரை பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்று 1985இல் சாவித்திரி வழக்கில் இடைக்கால ஜீவனாம்சத்துக்கு உச்ச நீதிமன்றம் இடம் வகுத்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சட்டமாக்கி, இயன்றவரை 60 நாளுக்குள் முடிக்கச் சொன்னது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும், உரிமையியல் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பாணையைப் போலவும் உத்தரவை நிறைவேற்றலாம் என்றும் நாடு முழுமைக்குமான வழிமுறைகள் வகுக்கப்பட்டன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இப்பிரிவுகளை 144 முதல் 147 வரை புதிய எண்களில் அமைத்துள்ளது. ஒரு மாதச் சிறையும் ஓராண்டுக் கெடுவும் அதில் அப்படியே நீடிக்கின்றன.