பிளக்கலாகாக் குளிசை: ஒரு வரலாற்று நோக்கு

நெடுங்காலமாக மருந்தின் அளவு என்பது நிறையையே குறித்தது. சாதாரண குளிசையொன்றை இரண்டாகப் பிளந்தால் பாதி மருந்தே உடலிற் சேரும். 1952ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சிமித் கிளைன் அன்ட் பிரெஞ்ச் நிறுவனம் 'ஸ்பான்சூல்' என்னும் கப்சியூலை வெளியிட்டபோது இக்கணக்கு மாறலாயிற்று. அதனுள் நூற்றுக்கணக்கான சிறு மணிகள். அவற்றின்மேல் வெவ்வேறு தடிப்பிலான பூச்சுகள். மெல்லிய பூச்சு முந்திக் கரைய, தடித்தது பிந்திக் கரைந்தது. பல வேளைக்குரிய மருந்து ஒரே வேளையில் விழுங்கப்பட்டது. அளவு என்பதனுள் காலமும் புகுந்தது. அக்காலத்தைக் காத்துநின்றதோ வெறும் பூச்சு.

1970களில் அல்சா நிறுவனத்தார் பிரசாரணத் தத்துவத்தைக் கையாண்டு, நுண்துளை வழியே மருந்தைச் சிறிது சிறிதாக வெளித்தள்ளும் குளிசையை ஆக்கினர். ஈண்டும் மென்சவ்வு சிதைந்தால் ஒழுங்கு சிதையும்.

இவ்வமைப்பின் ஆபத்தினை உலகம் கண்கூடாக அறிந்தது 'ஒக்சிகொன்ரின்' வாயிலாகவே எனலாம். பன்னிரண்டு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை உட்கொள்ளத்தக்கதாக 1996இல் சந்தைக்கு வந்த இவ்வலிநிவாரணியில், 2000ஆம் ஆண்டளவில் 160 மில்லிகிராம் குளிசையும் இடம்பெற்றது. சாதாரண ஒக்சிகொடோன் குளிசை 5 மில்லிகிராம் அளவிலும் வழங்கப்பட்டது என்பதை ஒப்புநோக்குக. உடைத்தாலோ, மென்றாலோ, அரைத்தாலோ நஞ்சாகத்தக்க அளவு விரைந்து வெளிப்படும் என மருந்தின் விளக்கக்குறிப்பு எச்சரித்தது. விந்தை யாதெனில், போதை நாடியோர்க்கு அவ்வெச்சரிக்கையே வழிகாட்டியாயிற்று. மருந்தைத் துர்ப்பிரயோகத்துக்குக் குறைவாக இடமளிப்பதெனத் தவறாக விளம்பரப்படுத்தியமை தொடர்பில் பேர்டியூ பிரெடெரிக் நிறுவனம் 2007இல் குற்றத்தை ஏற்றது. எளிதில் அரைக்கவியலாத குளிசை 2010இலேயே வந்தது. இவ்வரலாற்றைப் போதை நாடியோர் கதையாக மட்டும் கொள்வது பொருந்தாது. விழுங்கவியலாத முதியவருக்காக அன்புடன் அரைக்கும் கையினையும் போதைக்காக அரைக்கும் கையினையும் குளிசை பிரித்தறிவதில்லை.

பூச்சினைச் சிதைப்பதற்குக் கைகூட வேண்டியதில்லை. ஹைட்ரோமோர்போன் அடங்கிய 'பலடோன்' கப்சியூலை மதுவுடன் உட்கொண்டால் மருந்து ஒருங்கே வெளிப்படக்கூடும் எனக் கண்டறியப்பட்டு, 2005இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

எனினும் இவ்வகைக் குளிசை யாவும் பிளக்கத்தகாதன அல்ல. குருதியமுக்கத்துக்கு வழங்கப்படும் மெட்டோபிரோலோல் சக்சினேற்றின் நீடித்த குளிசைகள் சில, தனித்தனியே பூச்சிடப்பட்ட மணிகளால் ஆனவை. அவற்றை நடுக்கோட்டிற் பிளக்கலாம், மணிகள் குலையா. ஆயின் அரைத்தலும் மெல்லுதலும் அவற்றுக்கும் விலக்கே.