பாட்டைப் பாடியவர் யார்?

எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். வீட்டைக் காலி செய்ய வந்த அவர் மகன், இரண்டு தகரப் பெட்டிகளைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் கொண்டுவந்து இறக்கினார். பெட்டி நிறையக் கிராமபோன் தட்டுகள். பாதி அப்பெரியவர் வாங்கியவை. மீதி அவருடைய தந்தையார் வாங்கியவை. கூடவே, சாவி கொடுத்தாலும் சுற்றாத ஒரு கிராமபோனும் இருந்தது. "சார், தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆனால் இந்தப் பாட்டெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறதே. இனி இவை யாருக்கு வேண்டும்?" என்று கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. அன்றிரவு ஒரு சோதனை செய்து பார்த்தேன். மேலாக இருந்த சில தட்டுகளின் பாடல்களைக் கைப்பேசியில் தேடினேன். பாதிக்கு மேல் கிடைத்தன. அதுவும் ஊசி கீறும் ஓசை நீங்கித் தெளிவாகக் கிடைத்தன. ஆகவே மகன் கூறியது தவறன்று. ஆனால் தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் இருந்தவற்றுள் பல கைப்பேசியில் இல்லை. தாளில் பாடியவர் பெயரும், இராகமும் தாளமும், நாடகத்தின் பெயரும், தட்டின் எண்ணும் இருந்தன. சிலவற்றில் ஆர்மோனியம் வாசித்தவர் பெயர்கூட இருந்தது. கைப்பேசியிலோ பாட்டின் முதலடியும் ஒரே ஒரு பெயரும் இருந்தன. அந்த ஒரு பெயரும் ஓரிடத்தில் பாடியவருடையது, ஓரிடத்தில் இசையமைத்தவருடையது, மற்றோரிடத்தில் 'பலர்' என்றே இருந்தது. பாட்டு வந்து சேர்ந்துவிட்டது. பெயர் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் கருவியை எடிசன் 1877ஆம் ஆண்டு செய்து காட்டினார். அவர் பதிந்தது உருளையில். 1887ஆம் ஆண்டு பெர்லினர் என்பார் தட்டையான வட்டில் பதியும் முறையைக் கண்டார். உருளையைப் பார்க்கினும் தட்டைப் பல படிகளாக அச்சிடுவது எளிது. ஆதலால் தட்டே வென்றது என்று அறிவியல் நூல்கள் கூறும். நான் அதனோடு இன்னொன்றைச் சேர்ப்பேன். தட்டின் நடுவே பாட்டுப் பதியாத வெற்றிடம் ஒன்று உண்டு. 1900ஆம் ஆண்டளவில் அவ்விடத்தில் தாள் ஒட்டும் வழக்கம் வந்தது. அன்று முதல் பாட்டும் பாடியவர் பெயரும் ஒரே பொருளில் ஒட்டிக்கொண்டன. தட்டை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுச் செல்ல எவராலும் இயலாது.

இந்தியாவில் இந்தப் பெயர் வந்த வரலாறு சுவையானது. 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் ஒரு விடுதி அறையில் பதிவுக் கருவியை வைத்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியைப் பாட வைத்தார். மின்சார ஒலிவாங்கி இல்லாத காலம். கூம்புக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாடவேண்டும். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறி முடித்தார். தற்பெருமை என்று எண்ணவேண்டா. பதிந்த மெழுகு செருமனியில் உள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலில் போகவேண்டும். அங்குள்ள தொழிலாளர்க்கு இந்திய மொழி ஒன்றும் தெரியாது. எந்தத் தட்டில் எவர் பெயரை ஒட்டுவது என்று அவர்கள் அறியவேண்டியே அவ்வாறு கூறச் செய்தனர். அதே பயணத்தில் 1903ஆம் ஆண்டு கெய்ஸ்பர்க் சிங்கப்பூரிலும் இறங்கி மலாய்ப் பாடல்களைப் பதிந்து சென்றார். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது.

தமிழ்நாட்டிலோ நாடக மேடையே இசைத்தட்டின் தாய்வீடு. எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு, முப்பது வயது நிரம்புமுன்பே மறைந்தார். ஒரு பேசும் படத்திலும் அவர் நடித்ததில்லை. அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று இன்று நாம் அறிவதற்கு அரக்குத் தட்டுகளே சான்று. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார்கூடப் படமெடுக்கப் புகுமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வாணிகம் நடத்தியவர்தாம்.

அத்தட்டைக் கேட்பது ஒரு வேலை. சாவி கொடுக்கவேண்டும், ஊசியை மாற்றவேண்டும், ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும், எழுந்து சென்று தட்டைத் திருப்பவேண்டும். கை தவறினால் தட்டு உடையும். இராகத்தை விரித்துப் பாடிப் பழகிய பெரும் பாடகரும் அந்த மூன்று நிமிடத்துக்குள் தம் வித்தையை மடித்து வைத்தனர். கேட்போரும் அந்த மூன்று நிமிடமும் வேறெதுவும் செய்யமாட்டார். எங்கள் கிராணி ஐயா தட்டு சுற்றும்போது எவரேனும் பேசினால் விரலை உயர்த்துவார். சிறுவர்களாகிய நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம்.

தட்டில் பெயர் இருந்தது என்றேனே, எப்போதும் உண்மைப் பெயர் இருந்ததா? இல்லை. 1949ஆம் ஆண்டு வெளிவந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் பாட்டொன்று நாடெங்கும் பரவியது. தட்டில் அச்சிட்டிருந்த பெயர் 'காமினி' என்பது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர்! பாடியவர் லதா மங்கேஷ்கர். பாடுபவர் யார் என்று கேட்டு வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. வானொலியார் கம்பெனியைக் கேட்டுப் பெயரை அறிந்து ஒலிபரப்பினர். ஈண்டு நாம் நோக்கவேண்டியது ஒன்றுண்டு. பெயரை வரவழைத்தவர் கேட்ட மக்கள். 'யார் இது?' என்று அவர்கட்குக் கேட்கத் தோன்றியது. தட்டின் நடுவில் ஒரு பெயர் இருக்கவேண்டும் என்று பழகியிருந்ததால்தான் அப்படித் தோன்றியது என்பது என் கருத்து.

1948இல் நெடுநேர இசைத்தட்டும், மறு ஆண்டே சிறிய 45 சுற்றுத் தட்டும் அமெரிக்காவில் தோன்றின. அவற்றின் உறை நம் போன்றோர்க்கு ஒரு சிறு நூலாகவே பயன்பட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை, அதாவது கேசட்டைக் கொண்டுவந்தனர். என் இளமை கேசட்டுக் காலம். தட்டு வாங்க இயலாத தோட்டத்துப் பிள்ளைக்கும் கேசட்டு எட்டியது. பட்டணத்துக் கடைக்காரரிடம் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், 60 நிமிட, 90 நிமிடப் பேழைகளில் பதிந்து தருவார். பதிந்து தந்த பேழையில் பெயர்த்தாள் வெறுமையாக இருக்கும். நாங்களே எழுதவேண்டும்! வானொலி அறிவிப்பாளர் பாட்டுக்கு முன் படம், பாடியவர், இயற்றியவர் என்று கூறுவதைக் காகிதத்தில் குறித்து வைத்து, நீல மையால் அந்தத் தாளில் எழுதுவேன். எழுத்துப் பிழை இருந்தால் என் தமக்கை திருத்துவாள். அந்தப் பேழைகளில் பல பூஞ்சணம் பிடித்து ஓடாமற் போயின. எழுதிய பெயர்கள் மட்டும் நினைவில் நிற்கின்றன. சேகரிப்பவன் எழுத்தன் ஆகிய காலம் அது என்பேன்.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1982இல் குறுந்தட்டு, 1990களில் எம்பி3 என்னும் சுருக்கிய ஒலிக்கோப்பு, 1999இல் அக்கோப்புகளை ஊரார் தமக்குள் மாற்றிக்கொள்ள வழிசெய்த நாப்ஸ்டர், 2003இல் பாட்டுக்கு விலை வைத்து விற்ற ஆப்பிள் கடை, 2008இல் சுவீடனில் ஸ்பாட்டிஃபை. இது நம் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் 2013இல் வந்தது. இந்த இறுதி முறையையே ஸ்ட்ரீமிங் என்கிறோம். இணைய ஒலியோடை எனலாம். பாட்டு நம்மிடம் வருவதில்லை. நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது; நாம் கேட்கும் நேரம் மட்டும் குழாய்த் தண்ணீர்போல் ஓடிவருகிறது. மாதந்தோறும் கட்டணம் கட்டுகிறோம், அல்லது விளம்பரத்தைப் பொறுத்துக்கொள்கிறோம்.

குழாயை மூடும் உரிமை நம்முடையதன்று. 2019ஆம் ஆண்டு ஸ்பாட்டிஃபை இந்தியாவில் நுழைந்தபோது, பழைய கிராமபோன் கம்பெனியின் வழிவந்த சரிகம நிறுவனம் தன் பாடல்கள் உரிமமின்றி அதில் உள்ளன என்று டில்லி உயர்நீதிமன்றம் சென்றது, அவை நீக்கப்பட்டன. 2020இல் இரு நிறுவனங்களும் உடன்பட்டன, பாடல்கள் திரும்பின. 2022 ஜனவரியில் நீல் யங் என்னும் மேனாட்டுப் பாடகர் ஒரு கருத்து மாறுபாட்டால் தம் பாடல்களை அந்நிறுவனத்திலிருந்து நீக்கச் செய்து, 2024இல்தான் திரும்பி வந்தார். இவற்றில் யார் பக்கம் நீதி என்பது வேறு செய்தி. கேட்பவரை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நானும் ஓர் ஒலியோடையில் பழைய பாடல்களைத் தேடித் தேடி ஒரு பட்டியல் அமைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் சில வரிகள் சாம்பல் நிறமாகக் கிடந்தன, தொட்டால் பாடவில்லை. சில நாட்களில் அவ்வரிகளும் மறைந்துவிட்டன. உடைந்த தட்டின் துண்டாவது கையில் இருக்கும்; இங்கே எந்தப் பாட்டு போயிற்று என்று நினைத்துப் பார்க்கவும் அடையாளம் இல்லை.

கேட்கும் முறையும் மாறிற்று. ஸ்பாட்டிஃபை கணக்கில் முப்பது வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகும். பாடியவர் பக்கத்துக்குப் பணமும் அப்போதுதான். ஆகவே முப்பது வினாடிக்குள் கேட்பவர் தாவிவிடாமல் பிடிக்கவேண்டியுள்ளது. அமெரிக்காவில் முன்னணிப் பாடல்களை ஆராய்ந்த ஆய்வாளர் ஒருவர், 1980களின் நடுவில் இருபது வினாடிக்கு மேல் இருந்த தொடக்க இசை 2015அளவில் ஐந்து வினாடியாகக் குறைந்தது என்று காட்டினார். அன்று மூன்று நிமிடம் பாடகரை நெருக்கிற்று; இன்று முப்பது வினாடி நெருக்குகிறது. ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததை இயந்திரமே எடுத்து வைக்கிறது. தட்டைத் திருப்ப எழுந்த அந்த இடைவெளியில்தான் நாம் தாளைப் படித்தோம் என்பது இப்போது விளங்குகிறது.

தமிழாசிரியர்க்கு இதில் தனியே ஒரு கவலை உண்டு. 'நாடோடி மன்னன்' படத்தில், உறங்கும் தம்பியை எழுப்பும் பாட்டை எங்கள் ஐந்தாம் ஆண்டு மாணவர் பலர் அறிவர். யார் பாட்டு என்று கேட்டேன். "எம்.ஜி.ஆர். பாட்டு, சார்" என்றனர். பாடியவர் டி. எம். சௌந்தரராசன்; இசை எஸ். எம். சுப்பையா நாயுடு, எழுதியவர் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம். படம் வந்தது 1958இல். மறு ஆண்டே, இருபத்தொன்பது வயதில், கவிஞர் மறைந்தார். இத்தனையும் அறிந்து கேட்கும் பிள்ளைக்கு அது வேறு பாட்டு. கைப்பேசியில் தேடவும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தே வேண்டியிருக்கிறது. சுந்தராம்பாள் என்னும் பெயரை ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், மற்றவர் ஓரெழுத்துக் கூட்டி எழுதுவார். ஒரே அம்மையார் இரண்டு மூன்று பேராகப் பிரிந்து கிடக்கிறார்!

ஆயினும் புதுமையைப் பழித்துப் பயனில்லை. வீணை தனம்மாளின் வாசிப்பைக் கேட்க என் இளமையில் எனக்கு வழியே இல்லை. இன்று பள்ளி முடிந்து வீடு திரும்பும் வழியில் கேட்கிறேன். ஆனால் அந்தப் பழைய ஒலி இணையத்தை அடைந்தது எவ்வாறு? கம்பெனிகள் எல்லாவற்றையும் காத்து வைக்கவில்லை. மறுபதிப்புக்குத் தட்டு இல்லாமல் சேகரித்தவரின் வீட்டுக் கதவைத் தட்டிய கம்பெனிகள் பல நாடுகளிலும் உண்டு. சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் போன்றோர் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினர். கிராமபோன் கம்பெனியின் தொடக்க கால இந்தியப் பதிவுகளை மைக்கேல் கின்னியர் என்பார் எண்வாரியாகத் தொகுத்து 1994இல் நூலாக்கினார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் திரட்டிய தமிழ் நூல்களே இன்று சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. அவர் மட்டும், 'இவையெல்லாம் யாருக்கு வேண்டும்?' என்று ஒருநாள் எண்ணியிருந்தால்?

எங்கள் பெட்டிகளுக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர், ஈரத்துணியால் தட்டுகளைத் துடைத்து, தாளில் உள்ளதை உள்ளவாறே ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வருகின்றனர். எண், கம்பெனி, பாட்டின் தொடக்கம், பாடியவர், இராகம் என்று கட்டம் போட்டிருக்கிறோம். இரண்டாம் பெட்டியின் அடியில் மிகப் பழைய தட்டு ஒன்று அகப்பட்டது. தாளைப் பூச்சி அரித்துவிட்டது. எண் மட்டும் தெரிகிறது. "பாடினவர் கட்டத்தில் என்ன எழுத, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். வெறுமையாக விடச் சொன்னேன். கிராமபோனின் வில்சுருள் பட்டணத்துக் கடிகாரக் கடையில் இருக்கிறது. அது வந்ததும் அந்தத் தட்டைக் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்கவேண்டும். கௌஹர் ஜானைப்போல, அவரும் முடிவில் தம் பெயரைச் சொல்லியிருக்கக்கூடும்.