கீழாநெல்லி கண்ட சோதனை

இலைக்கு அடியில் காய்களைத் தாங்கி நிற்பதால் தமிழர் அதனைக் கீழாநெல்லி என்றனர். குழந்தையைச் சுமக்கும் தாயின் சாயலை அதில் கண்ட மலாய்க்காரர் 'டுக்கோங் அனாக்' என்றனர். ராசா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், லயத்துக் கொல்லைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் விதைப்பாரின்றி முளைத்த பூண்டு அது. கண் மஞ்சளித்தவருக்கு அதனை வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கலந்து கொடுப்பது தமிழகத்திலிருந்து பால்மரக் காட்டுக்கு உடன்வந்த வழக்கமாகும்.

இவ்வழக்கத்தை அறிவியல் புறக்கணித்துவிடவில்லை. மஞ்சட்காமாலைக்குக் காரணமான நுண்ணுயிரிகளுள் ஒன்றான ஹெப்படைட்டிஸ் பி கிருமியின் அடையாளத்தைக் குருதியில் கண்டறிந்து, 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் புளும்பெர்க். அவரும் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினரும் கீழாநெல்லியைச் சோதனைக்கு உட்படுத்தினர். அக்கிருமியைச் சுமந்தவர்களுக்கு உலர்த்திய பூண்டின் பொடி நாளொன்றுக்கு மும்முறை, 200 மில்லிகிராம் வீதம், 30 நாள் தரப்பட்டது. 37 பேருள் 22 பேரின் குருதியில் அவ்வடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேருள் ஒருவருக்கே மறைந்தது. 1988இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டபோது, கொல்லைப் பூண்டு உலகின் கவனத்தை ஈர்த்தது.

ஆயினும் 1990இல் தாய்லாந்தில் நடந்த சோதனை அப்பயனைக் காணவில்லை. பல சோதனைகளைத் தொகுத்தாய்ந்த காக்ரேன் அமைப்பும், நம்பத்தக்க சான்று இல்லையென 2011இல் முடிவு கூறிற்று.

அங்ஙனமாயின், பாட்டிமார் கண்ட பலன் பொய்யோ? பொய்யன்று. நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ என்னும் காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணியும். நோயாளி எழுந்தார், புகழ் பூண்டைச் சேர்ந்தது. ஆனால் காமாலை ஓர் அறிகுறியே, நோய் பலவாகும். பித்தக்கல் அடைப்பும், எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் கண்ணை மஞ்சளாக்கும். அவற்றில் மோருக்காகக் காத்திருக்கும் நாட்கள் உயிரையே விலையாகக் கேட்கும்.

மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. பூண்டினால் உறுதிப்படாத காப்பினை இவ்வூசி அளித்தது. கண்ணில் மஞ்சள் கண்டவுடன் மருத்துவமனைக்குச் சென்று, குருதியைச் சோதித்துக் காரணம் அறிவதே முதற்கடன். முன்னோர் கைப்பக்குவத்தைப் போற்றுவதும், அதனை உரைத்துப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பொன்னை உரைத்துப் பார்ப்பவர் அதனை இகழ்ந்தவர் ஆகார்.