பிரம்பும் பரிவும்

கி.பி. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்த தூய அகுஸ்தினார் இளமையில் இரு மொழிகள் பயின்றார். இலத்தீன் மொழி செவிலியரின் கொஞ்சலிலும் வீட்டாரின் சிரிப்பிலும் அச்சமின்றி வந்தது. கிரேக்கமோ பள்ளியில் மிரட்டலோடும் தண்டனையோடும் வந்தது. ஓமரின் இனிய கதைகளும் அவருக்குக் கசந்தன. பள்ளியில் தாம் பட்ட அடிகளைக் கண்டு பெற்றோரே நகைத்ததை, நாற்பது வயதைக் கடந்தபின் எழுதிய தன்வரலாற்றிலும் அவர் குறித்துவைத்தார். அப்பெற்றோர் அன்பற்றவர் அல்லர். வசதிக்கு மீறிச் செலவிட்டு மகனைப் படிக்கவைத்தவர்கள்.

இழப்பு சிறிதன்று. கிரேக்கத் திருமறை விளக்கங்களை இலத்தீனில் பெயர்த்துத் தருமாறு தூய எரோணிமுசுக்கு அவர் மடல் எழுத நேர்ந்தது. பிற்காலத்தில் அரிதின் முயன்றே அம்மொழியில் ஓரளவு தேறினார்.

1533-இல் பிரான்சில் பிறந்த கட்டுரையாளர் மோந்தேனின் இளமை வேறு. பிரெஞ்சு அறியாத ஜெர்மானிய ஆசிரியர் ஒருவரிடம் தந்தை அவரைக் குழந்தைப் பருவத்திலேயே ஒப்படைத்தார். அத்தோடு நின்றாரில்லை. தாய், தந்தை, பணியாளர் அனைவரும் குழந்தையோடு பேசுமளவுக்கு இலத்தீன் சொற்களைக் கற்றனர். அடியும் அழுகையும் இல்லாமல் அம்மொழி அவர் நாவில் படிந்தது.

ஒரு வீட்டில் பெற்றோர் பிள்ளை பட்ட அடியைக் கண்டு சிரித்தனர்; மற்றொரு வீட்டில் பிள்ளையோடு சேர்ந்து சொல் பயின்றனர். அன்புப் பெற்றோரே, இரண்டாம் மொழி வகுப்பில் சேர்த்துவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருந்தால் போதுமா? நாள்தோறும் சில சொற்களையேனும் நம் பிள்ளைகளோடு நாமும் கற்போம்.